துக்க வீட்டு ஊழியத்தை மதிப்பிடுவது எப்படி?

அனைவருக்கும் ஸ்தோத்திரம். ராமேஸ்வரம் அருகே மண்டபம் ஊர்ப் பக்கம் ஒரு வேதாகமக் கல்லூரியில் மேய்ப்புப்பணி பாடம் எடுக்கிறேன். போன ஜூனில் திறன் அடிப்படைக் கல்விக்கு, அதாவது மாணவன் என்ன எழுதுகிறான் என்பதைவிட என்ன செய்யத் தெரிகிறது என்று பார்க்கும் முறைக்கு, மாறினோம். ஆறுதல் ஊழியம் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதும் மாணவன், கடலுக்குப் போன படகு திரும்பாத வீட்டில் வசனத்தை மளமளவென்று ஒப்பித்துவிட்டு எழுந்துவிடுகிறான். அந்தத் தாய் பக்கத்தில் கொஞ்சநேரம் உட்காரத் தெரியவில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுத் தடைக்காலம். ஆண்கள் கரையில் இருப்பார்கள் என்று வீடு சந்திப்பை அப்போது வைத்தோம். வகுப்பில் நடித்தும் பழக்கினோம். மதிப்பீட்டு அட்டவணை போட்டால் எல்லாருக்கும் ஒரே மதிப்பெண். சபைப் போதகர்களிடம் அறிக்கை கேட்டால் "நல்ல தம்பி" என்று ஒரு வரி. மூத்த ஆசிரியர்கள் பழைய பரீட்சைக்கே திரும்பச் சொல்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை.

துக்க வீட்டாரைச் சங்கடப்படுத்தாமல், மாணவனின் இந்தத் திறனை யார், எதை வைத்து மதிப்பிடுவது?