புதுப்பிப்பு: பழைய மியாட்டாவின் சைலன்சர் ஒலி ஆழமானது, 3000 சுழற்சி ரீங்காரமும் தீர்ந்தது

என் 1.6 லிட்டர் முதல் தலைமுறை மாஸ்டா மியாட்டா என்ற சிறிய இரு இருக்கை காரின் ஒலியைக் கனமாக்க வழி கேட்டிருந்தேன். பதில் தந்த அனைவருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் ரெசனேட்டரை (புகைக்குழாயில் கரகரப்பையும் ரீங்காரத்தையும் குறைக்கும் அறை) கழற்றிவிட்டு நேர்க்குழாய் போட்டேன். ஒலி ஆழமாகவில்லை, கரகரப்புதான் கூடியது. நிமிடத்துக்கு 3000 சுழற்சியில் காதை அடைக்கும் ரீங்காரம் வேறு. நான்கு சிலிண்டர் என்ஜின் ஒரு சுழற்சிக்கு இருமுறை வெடிப்பதால் அந்த வேகத்தில் 100 ஹெர்ட்ஸ் அதிர்வு எழுகிறது. சிறிய கேபின் அதை அப்படியே வாங்கிக்கொள்கிறது.

கைகொடுத்தது, "குழாயின் விட்டத்தை மாற்றாதீர்கள், ரெசனேட்டரைத் திரும்பப் போட்டு, பின்பக்கச் சைலன்சரை மட்டும் மாற்றுங்கள்" என்ற யோசனை. துளையிட்ட உள்குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழை அடைத்த நீளமான சைலன்சரைப் பொருத்தினேன். ரீங்காரம் அடங்கியது. மிதியை அழுத்தும்போது அடிவயிற்றிலிருந்து எழும் உறுமல் கேட்கிறது. இதைத்தான் நான் தேடினேன்! புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைத் தொடவே இல்லை.

எதிர்பாராதது ஒன்று: காலையில் ஸ்டார்ட் செய்ததும் 'டிக் டிக்' சத்தம்; சூடானதும் நின்றுவிடும். என்ஜின் வால்வில்தான் கோளாறு என்று பயந்துபோனேன். குளிர்ந்த என்ஜினை ஓடவிட்டுப் புகைக்குழாய் இணைப்புகளில் சோப்பு நீர் தெளித்தபோது, முன்பக்க இணைப்பின் மேல் ஓரத்தில் பொடிப்பொடியாகக் குமிழிகள்; அங்கேதான் புகை கசிந்தது. இணைப்பில் கசிவைத் தடுக்கும் பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டது என் தவறு. புதியது போட்டதும் சத்தம் போய்விட்டது. குழாயைக் கழற்றினால் கேஸ்கெட்டையும் கட்டாயம் மாற்றுங்கள்.