ரூட்டர் பக்கத்துல இருந்தா மட்டும் வைஃபை கிட்டுது: லினக்ஸ் மின்ட், ரியல்டெக் 8723பிஈ கார்டு

கருங்கல் மாணவன்:
எனக்க பழைய லேப்டாப்புல விண்டோஸை எடுத்துட்டு லினக்ஸ் மின்ட் 22 போட்டேன். ரூட்டர் இருக்க மேசையிலயே வச்சா நெட் கிட்டுது. மூணு மீட்டர் தள்ளி நடைக்கு வந்தா எங்க வீட்டு வைஃபை பேரே லிஸ்ட்ல காணல. அதே இடத்துல போன்ல எல்லா கோடும் நிக்குது. வீடு வெட்டுகல் சுவர்தான், ஆனா ரூட்டருக்கும் நடைக்கும் இடையில சுவரே கிடையாது. விண்டோஸ் இருந்தப்போ அடுக்களை வரைக்கும் எடுத்துச்சு. டிரைவர் சரியா ஏறலையா? ரூட்டர்ல ரெண்டு பேரு வரும், கடைசியில 5ஜின்னு இருக்கறது லேப்டாப்புல ஒருக்காலும் வந்ததே இல்ல.

மார்த்தாண்டம் கணினி:
ரியல்டெக்னா இந்தத் தலைவலி உள்ளதுதான். கிட்ஹப் தளத்துல இந்த சிப்புக்கு டிரைவரோட சோர்ஸ் கோடு கிடக்கு. இறக்கி மேக், மேக் இன்ஸ்டால் குடுத்து ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க.

தக்கலை பென்குயின்:
தம்பி, அதைச் செய்யாதீங்க, கொஞ்சம் பொறுங்க. பக்கத்துல வச்சா நெட் கிட்டுதுன்னா டிரைவரும் ஃபர்ம்வேரும் (கார்டுக்குள்ள ஓடுற மென்பொருள்) ஏறியாச்சுன்னுதான் அர்த்தம். இந்த டிரைவர் கெர்னலுக்குள்ளயே, அதாவது லினக்ஸோட மையப் பகுதியிலயே இருக்கு. வெளியில இருந்து ஒண்ணைக் கட்டிப் போட்டா, கெர்னல் அப்டேட் வர்ற ஒவ்வொரு தடவையும் திரும்பக் கட்டணும். செக்யூர் பூட்ங்கற பாதுகாப்பு ஆன்ல இருந்தா கையெழுத்து இல்லாத மாட்யூலை (டிரைவர் ஃபைலை) அது ஏத்தவும் விடாது. அந்தப் பாடு தேவையில்ல.

முதல்ல இதைப் பாத்துச் சொல்லுங்க. கமாண்டை உச்சரிப்புப்படி தமிழ்ல எழுதுறேன், டெர்மினல்ல ஆங்கிலச் சின்ன எழுத்துல அடிங்க.

எல்எஸ்பிசிஐ -என்என்கே

வரிசையில நெட்வொர்க் கன்ட்ரோலர்னு வர்ற இடத்துல சிப் பேரு என்ன, அதுக்குக் கீழ "கெர்னல் டிரைவர் இன் யூஸ்" வரியில என்ன இருக்கு? அடுத்து நடையில உக்காந்து:

சுடோ ஐடபிள்யூ டெவ் டபிள்யூஎல்ஓ1 ஸ்கேன்

இன்டர்ஃபேஸ் பேரு ஆளுக்கு ஆள் மாறும். "ஐபி லிங்க்" அடிச்சு டபிள்யூஎல்லில் தொடங்குறது எதுவோ அதைப் போடுங்க. உங்க ரூட்டர் பேருக்கு மேல சிக்னல்னு மைனஸ்ல ஒரு எண் வரும், அதுதான் வேணும். டெசிபெல் கணக்கு அது, பூஜ்யத்துக்குக் கிட்ட வர வர சிக்னல் நல்லது.

கருங்கல் மாணவன்:
சிப் ஆர்டிஎல்8723பிஈ. டிரைவர் வரியிலயும் அதே பேருதான். மேசையில -48. நடையில ஒரு தடவை -86, அடுத்த தடவை லிஸ்ட்லயே வரல.

தக்கலை பென்குயின்:
சந்தேகப்பட்டதுதான். மூணு மீட்டர்ல, சுவர் இல்லாம 38 டெசிபெல் விழாது. இது ஆண்டெனா விஷயம்.

இந்தக் கார்டுல ரெண்டு ஆண்டெனா முனை உண்டு. ஆனா சிப் ஒரே ஸ்ட்ரீம்தான் (ஒரு நேரத்துல ஒரு ஆண்டெனா போதும்), அதனால பல லேப்டாப்புல செலவைக் குறைக்க ஒரு முனையில மட்டும் ஒயர் மாட்டி விட்டிருப்பாங்க. எந்த முனைன்னு கார்டுக்குள்ள ஒரு நினைவகத்துல எழுதி வைக்கணும். அங்க தப்பா எழுதியிருந்தா லினக்ஸ் டிரைவர் அதை நம்பி, ஒயர் இல்லாத முனையைப் புடிச்சுக்கும். ஒயர் இல்லன்னாலும் ரூட்டர் அருகுல இருந்தா கொஞ்சம் கசிஞ்சு வரும், அதுதான் நீங்க மேசையில பாத்தது.

இதுக்குன்னே டிரைவர்ல ஒரு ஆப்ஷன் 2016-ல வந்துச்சு. எழுத்து எழுத்தா: ஏ, என், டி, அடிக்கோடு, எஸ், ஈ, எல். கீழ அதை ஆண்ட்_செல்னு எழுதுறேன். ஃபைல் எதையும் மாத்தாம முதல்ல சோதனை:

சுடோ மோட்ப்ரோப் -ஆர் ஆர்டிஎல்8723பிஈ
சுடோ மோட்ப்ரோப் ஆர்டிஎல்8723பிஈ ஆண்ட்_செல்=2

முதல் வரி அடிச்சதும் வைஃபை போயிடும், பதறாதீங்க. பத்து விநாடி கழிச்சு நடையில இருந்து திரும்ப ஸ்கேன். தேறலன்னா மறுபடியும் இறக்கிட்டு 2-க்குப் பதிலா 1 போடுங்க. எது நல்ல எண் தருதோ அதுதான் உங்களுக்கு. மத்தவங்களுக்கு 2 வேலை செஞ்சுதுன்னு கண்ணை மூடிட்டு அதையே வைக்கக் கூடாது.

5ஜி பேரைப் பத்தி விசாரிக்கவே வேண்டாம். அது ரூட்டரோட 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை. இந்தக் கார்டு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான், எந்த டிரைவர் போட்டாலும் அந்தப் பேரு தெரியாது.

கருங்கல் மாணவன்:
1 போட்டா பழையபடி -85. 2 போட்டதும் நடையில -56! அடுக்களையில -67. ஆனா ரீஸ்டார்ட் பண்ணினதும் திரும்பப் பழைய நிலைமை.

தக்கலை பென்குயின்:
-86-ல இருந்து -56, அதாவது 30 டெசிபெல். வந்து சேர்ற சக்தி ஆயிரம் மடங்கு கூடியிருக்கு.

மோட்ப்ரோப்ல குடுத்தது அந்த ஒரு தடவைக்குத்தான். நிலையா இருக்கணும்னா ஈடிசி ஃபோல்டருக்குள்ள மோட்ப்ரோப்.டி ஃபோல்டர்ல ஒரு ஃபைல் உண்டாக்கணும். பேரு என்னவும் வைக்கலாம், முடிவு .கான்ஃப் ஆகத்தான் இருக்கணும், இல்லன்னா படிக்கவே படிக்காது. அதுக்குள்ள ஒரே வரி:

ஆப்ஷன்ஸ் ஆர்டிஎல்8723பிஈ ஆண்ட்_செல்=2

சமக்குறிக்கு ரெண்டு பக்கமும் இடைவெளி விடாதீங்க. இங்கதான் பலரும் தவறி, "ஃபைல் போட்டும் சரியாகல"ன்னு திரும்ப வர்றாங்க. ரீஸ்டார்ட் பண்ணினப்புறம் சிஸ் ஃபோல்டர், மாட்யூல், ஆர்டிஎல்8723பிஈ, பாராமீட்டர்ஸ் வழியா உள்ள போய் ஆண்ட்_செல் ஃபைலை கேட் கமாண்டால படிங்க. 2 வந்தா ஏறியாச்சு. 0 வந்தா ஃபைல்ல எங்கயோ எழுத்துப் பிழை.

குளச்சல் பழுது மேசை:
இன்னொரு வழியும் உண்டு. பின்மூடியைக் கழற்ற முடிஞ்சா, ஒயரை ஒரு முனையில இருந்து உருவி மற்றதுல அமுக்கிடலாம், ஆப்ஷனே வேண்டாம். முதல்ல பேட்டரி கனெக்டரை எடுத்துடுங்க. ஆனா அந்தச் சின்ன வட்ட முனை முப்பது தடவை கழற்றி மாட்டத்தான் கணக்கு. நேரா மேல இருந்து அமுக்கணும், சரிச்சு அமுக்கினா நடு ஊசி வளைஞ்சிடும்.

கடலோரத்துல இருக்கவங்க ஆப்ஷன் போட்டும் -75-க்கு மேல ஏறலன்னா முனையில பச்சை படிஞ்சிருக்கான்னு பாருங்க. உப்புக்காத்து வேலை. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்ல நனைச்ச பட்ஸால துடைச்சு, நல்லா காஞ்சப்புறம் மாட்டுங்க.

கருங்கல் மாணவன்:
கேட்ல 2 வந்துட்டு. சிக்னல் நிக்குது. ஆனா பத்து நிமிசம் சும்மா விட்டா நெட் அப்படியே உறைஞ்சு போவுது. வைஃபையை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாத்தான் வருது.

தக்கலை பென்குயின்:
அது பவர் சேவிங். இந்தச் சிப் உறங்கப் போனா எழும்ப மடிக்கும். அதே வரியோட கடைசியில, இடைவெளி விட்டு ரெண்டு சேருங்க: ஐபிஎஸ்=0 எஃப்டபிள்யூஎல்பிஎஸ்=0. பேட்டரி கொஞ்சம் சீக்கிரம் இறங்கும். அப்புறமும் உறைஞ்சா நெட்வொர்க்மேனேஜரோட கான்ஃப்.டி ஃபோல்டர்ல வைஃபை பவர்சேவ்னு ஒரு ஃபைல் இருக்கும். அதுல 3-ன்னு இருக்கறதை 2 ஆக்குங்க. 3-ன்னா சேவிங் ஆன், 2-ன்னா ஆஃப். எண்ணைப் பாத்தா தலைகீழாத்தான் தோணும்.

மார்த்தாண்டம் கணினி:
நான் சொன்ன கிட்ஹப் வழியை விட்டுடுங்க. கெர்னலுக்குள்ளயே ஆப்ஷன் இருக்கது கவனிக்கல.

கருங்கல் மாணவன்:
ரெண்டையும் சேர்த்தாச்சு, ராத்திரி முழுக்க விட்டும் அறுபடல. கடைசியா ஒண்ணு. புளூடூத் ஹெட்போன் போட்டா வீடியோ திக்குது. அதுக்கும் ஆப்ஷன் உண்டா?

தக்கலை பென்குயின்:
இல்ல மக்கா. புளூடூத்தும் அதே சிப், அதே ஒரு ஆண்டெனா, அதே 2.4. ஒண்ணு பேசும்போது மற்றது வாயை மூடிக் காத்திருக்கணும். ஒயர் ஹெட்போன் போடுங்க, இல்லன்னா 5 கிகாஹெர்ட்ஸ் எடுக்குற யுஎஸ்பி வைஃபை ஒண்ணு வாங்குங்க. நாகர்கோவில்ல வாங்கினாலும் ஆன்லைன்ல வாங்கினாலும் பெட்டியில இருக்க மாடல் பேரை மட்டும் நம்பாதீங்க. ஒரே மாடல்லயே வெர்ஷன் மாறும்போது உள்ள சிப்பும் மாறும். மீடியாடெக் எம்டி7612யு சிப்னு உறுதியாத் தெரிஞ்சா மின்ட் 22-ல குத்தின உடனே எடுக்கும்.