நாள்வாரியாகத் திட்டம் போட்டு வரும் ஹோம்ஸ்கூல் பாடத்தில் எதை வாங்குவது?

கேள்வி (பிளேனோ, டெக்சஸ்)

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு எட்டு வயது. இரண்டாம் வகுப்பு முடித்திருக்கிறாள், ஆகஸ்டிலிருந்து வீட்டிலேயே படிக்கப் போகிறாள். இரண்டு வயதில் பையனும் இருக்கிறான், வாரம் மூன்று நாள் எனக்கு வேலை. ராத்திரி உட்கார்ந்து மறுநாள் பாடத்தைத் தயார் செய்யத் தெம்பு இருக்காது. இன்றைக்கு எந்தப் பக்கம் என்று எழுதியே வரவேண்டும். சான்லைட், ஓக் மெடோ என்ற இரண்டு பாடத்திட்டங்களையும் பார்த்தேன். நிறைய வாசிப்பாள், ஆனால் கடன் வாங்கிக் கழித்தல் என்றாலே அழுகை. தமிழையும் விட மனசில்லை. எதை எடுக்கலாம்?

பதில் (ஹூஸ்டன்)

தங்கச்சி, உங்கள் நிலைமைக்கு சான்லைட்தான் ஒத்துவரும். 36 வாரத்துக்கும் நாள்வாரியாகக் கட்டம் போட்டிருக்கும், அன்றைய பக்கங்களைப் படித்து டிக் போட்டால் போதும். ஓக் மெடோவில் வாரத்துக்கு ஒரு பாடம், அதை நாட்களாகப் பிரிப்பது பெரும்பாலும் நம் வேலை. சின்னப் பையனோடு அது சிரமம். சான்லைட் கிறிஸ்தவக் குடும்பங்களை மனதில் வைத்து எழுதியது. பைபிள் பகுதியை நாங்கள் விட்டுவிட்டே படித்தோம், கதைகளும் வரலாறும் தடையில்லாமல் போயின. வாரத்துக்கு 4 நாள், 5 நாள் என்று இரண்டு விதம் உண்டு. நாலு நாள் திட்டத்தை எடுத்து வெள்ளிக்கிழமையைத் தமிழுக்கே கொடுத்துவிடுங்கள்.

கணக்கை மட்டும் தயவுசெய்து தனியாக வாங்குங்கள். மேத்-யு-சீ என்று கட்டைகளை வைத்துக் கணக்குச் சொல்லித்தரும் பாடம் இருக்கிறது. அது வகுப்பு எண்ணைப் பார்க்காது, எது வருகிறது எது வரவில்லை என்று பார்க்கும். நிலையறியும் தேர்வு இலவசம். உங்கள் மகள் அழும் இடம் அவர்களுடைய 'பீட்டா' நிலையில் வருகிறது. என் மகனும் அங்கேதான் தடுமாறினான். 32-ல் 7 கழிக்க வேண்டும். மூன்று நீலப் பத்துக் கட்டை, இரண்டு பச்சை ஒன்றுக் கட்டை முன்னால் இருக்கிறது. நீலத்தில் ஒன்றை என்னிடம் நீட்டி, "அம்மா, சில்லறை குடு" என்று பத்துப் பச்சையை எண்ணி வாங்கினான். அப்புறம் பேப்பரில் அடித்து எழுதும்போது கை தயங்கவில்லை.

இன்னொன்று. திட்டத்தின் மேல் தேதி எழுதாதீர்கள், வார எண் போதும். ஏழாவது வாரம் வீடு முழுக்கக் காய்ச்சல் வந்தபோது தேதி தள்ளிப்போனதைப் பார்த்துப் பார்த்து நான் தூங்கவில்லை. எழுதிய தேதிகளை எல்லாம் அழித்த பிறகுதான் நிம்மதி.

பதில் (ஆஸ்டின்)

அக்கா சொன்னதோடு ஒன்று. அரசுப் பள்ளியில் படிக்கிறாள் என்றால் விலகல் கடிதம் கொடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் வராத நாளாகக் கணக்கு வைப்பார்கள். மற்றபடி டெக்சஸில் பதிவு கிடையாது. வாசிப்பு, எழுத்துக்கூட்டல், இலக்கணம், கணக்கு, நற்குடிமை, இந்த ஐந்தும் பாடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். மொத்தமாகப் பணம் போடும் முன் ஈஸி பீஸி என்ற இணையப் பாடத்தை இரண்டு வாரம் ஓட்டிப் பாருங்கள். 180 நாள் பாடமும் இலவசம். திரை முன் நிறைய உட்கார வேண்டியிருக்கும் என்பதால் நாங்கள் தொடரவில்லை, ஆனால் மகனுக்குக் காலையில்தான் படிப்பு ஓடும் என்று அதில்தான் தெரிந்தது.

கேட்டவர்

ரொம்ப நன்றி அக்கா, நன்றி ஆஸ்டின். நேற்று தேர்வு வைத்தேன், பீட்டாதான் வந்தது. கடிதம் நாளைக்குக் கொடுக்கிறேன். கட்டை வரும் வரை புளியங்கொட்டையைப் பத்துப் பத்தாகப் பையில் போட்டு வைத்திருக்கிறேன். இன்றைக்கு ஒரு பையைப் பிரித்து அவளே மூன்று கணக்குப் போட்டாள், அழவில்லை.