கொடைக்கானல் வண்டியில கேஸ் சிலிண்டர்: குடும்பக் குழுவில் பேசியது

*குழு: ஆரப்பாளையம் சொந்தங்கள்*

சரவணன், காலை 7:05
மாமா, வேன்ல சமையல் மேடை போட்டாச்சு. சிலிண்டரை மேடைக்கு அடியிலயே வச்சு ஒரு கதவு போட்டுறலாமா? படம் அனுப்பிருக்கேன் பாருங்க.

முருகேசன் மாமா, 7:18
வேணாம் மாப்ள. வண்டிக்குள்ள திறக்குற கதவே இருக்கக் கூடாது.
கேஸ் காத்தை விட ஒன்றரை முதல் ரெண்டு மடங்கு கனம். கசிஞ்சா மேல ஏறாது, தரையில தேங்கும். ஜன்னலைத் திறந்து வச்சிருக்கோம்னு நினைப்போம், ஜன்னலுக்குக் கீழ கிடக்குறது அப்படியே கிடக்கும்.

முருகேசன் மாமா, 7:21
கணக்கு போட்டுப் பாரு. உன் வண்டி உள்பக்கம் சுமார் 15 கன மீட்டர். காத்துல 2 சதவீதம் கேஸ் கலந்தாலே தீப்பிடிக்கும். அது 0.3 கன மீட்டர், எடையில முக்கால் கிலோ கூட வராது. தரையோரம் அடர்த்தியா நிக்கிறதால நெசத்துல அதை விடக் கம்மியே போதும். அஞ்சு கிலோ சிலிண்டர் சின்னதுதானேன்னு யாரும் சொல்லக் கூடாது.

ஜோதி அக்கா, 7:24
வாடை வந்தா தெரிஞ்சிருமே மாமா?

முருகேசன் மாமா, 7:26
தெரியும்மா, அதுக்குத்தான் மெர்காப்டான்னு ஒரு வாடைப் பொருளைக் கலக்குறாங்க. ஆனா அதே இடத்துல உக்காந்திருந்தா மூக்கு பழகிப் போயிரும். தூங்குறவங்களுக்குத் தெரியவே தெரியாது. சளி பிடிச்சவங்க நிலைமையும் அதேதான். மூக்கை நம்பாதீங்க. கேஸ் அலாரம் ஒண்ணு, தரையிலருந்து ஒரு சாண் உயரத்துல மாட்டணும். கூரையில மாட்டுனா பிரயோசனம் இல்ல.

கண்ணன் அண்ணே (பட்டறை), 7:40
சரவணா, மேடையைத் தொட வேணாம். பின்பக்கம் டிரைவர் சைடுல வெளிய திறக்குற மாதிரி தகரப்பெட்டி கட்டித் தர்றேன். உள்ள 45க்கு 45 செ.மீ. வண்டி உள்பக்கத்தைப் பார்க்குற எல்லா ஓரமும் சீலன்ட் போட்டு அடைச்சிரணும். பைப் போற ஓட்டைக்கு மட்டும் கிராமெட்ங்கிற ரப்பர் வளையம், அதைச் சுத்தியும் சீலன்ட். பெட்டிக்குள்ள எம்புட்டு கசிஞ்சாலும் வண்டிக்குள்ள ஒரு துளி வரக் கூடாது.

கண்ணன் அண்ணே, 7:46
அடித்தட்டுல ஓட்டை கட்டாயம். ஐரோப்பாவுல கேரவனுக்கு ஈஎன் 1949னு ஒரு தரம் வச்சிருக்காங்க. கீழ மட்டும் ஓட்டை போட்டா பெட்டித் தரையில 2 சதவீதம், எப்படியும் 100 சதுர செ.மீ.க்குக் குறையக் கூடாதுன்னு அதுல இருக்கு. நம்ம பெட்டிக்கு 2 சதவீதம்னா 40தான் வரும், அதனால 100ங்கிற கணக்கைத்தான் எடுக்கணும். கொசுவலை கம்பி கொஞ்சம் எடத்தைத் தின்னும், அதையும் சேத்து 10க்கு 8ல ரெண்டு ஓட்டை வெட்டுறேன்.
ஓட்டைக்கு நேர் கீழ சைலன்சர் வரக் கூடாது, பேட்டரி பெட்டி பக்கத்துலயும் கூடாது. பெட்டிக்குள்ள லைட், சுவிட்ச், இன்வெர்டர் எதுவும் வேணாம். தீப்பிடிக்க அதுல வர்ற பொறி ஒண்ணு போதும்.

சரவணன், 7:50
ஓட்டை வழியா மழைத்தண்ணி, சேறு அடிக்காதாண்ணே?

கண்ணன் அண்ணே, 7:53
அடிக்கும். அதுக்காகச் சாக்கு வச்சு அடைச்சிராதீங்கடா. சக்கரத்துக்கு நேர் பின்னாடி வராம தள்ளி வெட்டுறேன். நீ ராத்திரி வண்டி நிறுத்துன உடனே கை விட்டுப் பாரு, சேறு அடைச்சிருந்தா குச்சியால குத்தி எடு.

ஜோதி அக்கா, 8:10
ஏழு பேர், நாலு நாள். வீட்டு 14.2 கிலோ சிலிண்டரையே தூக்கிட்டுப் போயிரலாமா?

முருகேசன் மாமா, 8:19
நிறைஞ்ச 14.2 சிலிண்டர் சுமார் 30 கிலோ கனம். வத்தலக்குண்டு தாண்டி மலைப்பாதை வளைவுல அது அவுந்தா யாரும் பிடிக்க முடியாது. 5 கிலோ சிலிண்டர் போதும். ஒரு பர்னர் மணிக்கு சுமார் 150லருந்து 200 கிராம் குடிக்கும். அப்ப 25 மணி நேரத்துக்குக் குறையாது. ஒரு நாளைக்கு அஞ்சு மணி நேரம் எரிச்சாலும் மிச்சம் இருக்கும்.

ஏஜென்சியில, பெட்ரோல் பங்குல அடையாள அட்டை காட்டி வாங்கலாம். வாங்குற இடத்துலயே நாலு விசயம் பாத்துரு:
தராசுல வச்சு மொத்த எடை. சிலிண்டர் மேல போட்டிருக்குற காலி எடையோட 5 கிலோ கூடணும்.
பிடிக்குக் கீழ உள்ள தகட்டுல பரிசோதனைத் தேதி. ஏ மார்ச், பி ஜூன், சி செப்டம்பர், டி டிசம்பர், பக்கத்துல வருசம். அந்த மாசம் தாண்டியிருந்தா வாங்காத.
வால்வுக்குள்ள டார்ச் அடிச்சுப் பாரு, கறுப்பு ரப்பர் வளையம் விரிசல் இல்லாம உக்காந்திருக்கணும். அது கெட்டுருந்தா கசியும்.
உன் ரெகுலேட்டர் அதுல சரியா உக்காருதான்னு மாட்டிப் பாரு. எல்லாச் சிலிண்டருக்கும் வாய் அளவு ஒண்ணா இருக்காது.

சரவணன், 8:25
தெருமுனைக் கடையில பெரிய சிலிண்டர்லருந்து சின்னதுக்கு ஊத்தித் தர்றாங்க மாமா. விலையும் கம்மி.

முருகேசன் மாமா, 8:28
அந்தப் பக்கமே போகாத. சட்டவிரோதம்ங்கிறது ஒரு பக்கம். ஏஜென்சியில நிரப்பும்போது சுமார் 85 சதவீதம்தான் திரவம், மிச்சம் காலி இடம். வெயில்ல திரவம் விரியும், அதுக்குத்தான் அந்த எடம். கடையில அளக்காம வாய் வரைக்கும் ஊத்திட்டா, மதுரை வெயில்ல நிறுத்துன வண்டிக்குள்ள விரியிறதுக்கு எடமே இல்ல. சிலிண்டரே பிளக்கும்.

கண்ணன் அண்ணே, 8:41
பெட்டிக்குள்ள சிலிண்டர் நட்டமாத்தான் நிக்கணும். படுக்கப் போட்டா வாயுவுக்குப் பதிலா திரவம் ரெகுலேட்டருக்குள்ள போகும். திரவம் ஒரு பங்கு வெளிய வந்தா சுமார் 250 பங்கு வாயு. அடுப்புல தீ ஆளுயரம் எழும்பும்.
இறுக்கிப் பூட்டுற ராட்செட் பெல்ட் ரெண்டு, உயரத்துல மூணுல ஒரு பங்குல ஒண்ணு, மூணுல ரெண்டு பங்குல ஒண்ணு. ஒரு பெல்ட்டுன்னா சிலிண்டர் சுத்தும். பெல்ட் கொக்கி பிளைவுட்டுல மாட்டக் கூடாது, வண்டிச் சட்டத்துல வெல்டிங் வச்ச இரும்பு ஆங்கிள்ல போல்ட் போடுறேன். அடியில ரப்பர் மேட், ஆனா ஓட்டை மேல ஏறாம.

கண்ணன் அண்ணே, 8:44
பெட்டியிலருந்து அடுப்பு வரைக்கும் ஆரஞ்சு டியூப்பை இழுக்காதீங்க. தகர ஓரத்துல உரசி வெட்டிரும். நடுவுல காப்பர் பைப், கிளிப் போட்டு. ரெண்டு முனையில மட்டும் டியூப், எதுவும் ஒன்றரை மீட்டரைத் தாண்டாம. டியூப்புல அச்சடிச்ச வருசம் பாரு, அஞ்சு வருசம் ஆனா மாத்திரு. ரெண்டு டியூப்பை ஒட்டுப் போடுற வேலை வேணவே வேணாம்.

முருகேசன் மாமா, 9:02
வண்டி கிளம்புறதுக்கு முன்னாடி ரெகுலேட்டரை ஆஃப் பண்ணி, கழட்டி, கயித்துல தொங்குற பிளாஸ்டிக் மூடியைப் போட்டு அழுத்தணும். டக்குன்னு சத்தம் கேக்கணும். நம்ம சிலிண்டர்ல கையால மூடுற திருகு கிடையாது, வால்வு ஊசி சரியா உக்காரலைன்னா இந்த மூடிதான் காப்பாத்தும். டீ போட அஞ்சு நிமிசம்தான்னு ஓடுற வண்டியில அடுப்பு பத்த வைக்கக் கூடாது.

ஜோதி அக்கா, 9:06
கொடைக்கானல் குளிர்ல ராத்திரி அடுப்பை லேசா எரிய விட்டுத் தூங்கலாமான்னு இவர் கேக்குறாரு.

முருகேசன் மாமா, 9:08
கூடவே கூடாதும்மா. மூடுன வண்டியில எரியிற அடுப்பு ஆக்சிஜனைக் குடிச்சு கார்பன் மோனாக்சைடு விடும். அதுக்கு வாடையே கிடையாது. கம்பளி கூட ரெண்டு எடுத்துட்டுப் போங்க. குளிர்ல தீ மந்தமா எரிஞ்சா சிலிண்டரை நெருப்புல காட்டுறதும் வேணாம், வெயில் ஏறுனதும் தானா சரியாகும்.

ஜோதி அக்கா, 9:15
அத்தை ரயில்லதான் திரும்புறாங்க. காலி சிலிண்டரை அவங்க கையில குடுத்து விட்டா வண்டியில எடம் கிடைக்கும்.

முருகேசன் மாமா, 9:17
காலியும் கூடாது. காலிச் சிலிண்டர்ல வாயு மிச்சம் இருக்கும். 2023 ஆகஸ்ட் 26 விடியக்காலை நம்ம மதுரை ஸ்டேஷன் யார்டுல நின்ன லக்னோ சுற்றுலா ரயில் பெட்டி எரிஞ்சு 9 பேர் செத்தாங்க. உள்ள ஒளிச்சுக் கொண்டு வந்த சிலிண்டர்தான் காரணம். காலியையும் நிறைஞ்சது மாதிரியே மூடி போட்டு, நட்டமா கட்டி, வண்டியில அதே தகரப்பெட்டியில கொண்டு வாங்க.

சரவணன், 9:20
வழியில கசிவு தெரிஞ்சா மாமா?

முருகேசன் மாமா, 9:24
வண்டியை ஓரங்கட்டி இன்ஜினை ஆஃப் பண்ணு. எல்லாரும் இறங்கி, கதவெல்லாம் திறந்து விட்டு, காத்து வர்ற திசைப் பக்கம் தள்ளி நில்லுங்க. பள்ளத்துல நிக்காதீங்க, கேஸ் அங்கதான் இறங்கும். உள்ள லைட், ஃபேன் எதையும் போடவும் கூடாது, அணைக்கவும் கூடாது. தள்ளிப் போய் கேஸ் கசிவு அவசர நம்பர் 1906க்குப் போன் பண்ணு, தீன்னா 112.

கண்ணன் அண்ணே, 9:31
வியாழக்கிழமை வண்டியை விடு. சனிக்கிழமை பைப் மாட்டி முடிஞ்சதும் மாமாவும் வந்துருங்க, சோப்புத் தண்ணி போட்டுப் பாத்துருவோம்.

முருகேசன் மாமா, 9:33
வர்றேன். ஒரு பிரஷ்ஷும் ஷாம்பு பாக்கெட்டும் எடுத்து வை. ரெகுலேட்டர் ஆன், அடுப்பு ஆஃப், அந்த நிலையில வால்வு, ரெகுலேட்டர், காப்பர் ஜாயிண்ட், அடுப்பு முனை எல்லாத்துலயும் தடவணும். தீக்குச்சி காட்டிப் பாக்குற ஆளு யாராவது பட்டறையில இருந்தா முன்னாடியே வெளிய அனுப்பிரு.