பொங்கலுக்கு 22 பேர், பானை அளவு சொல்லுங்கள்

எல்லாருக்கும் வணக்கம். இந்தப் பொங்கலுக்குச் சித்தப்பா, அத்தை குடும்பமெல்லாம் கும்பகோணம் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வருகிறார்கள். பிள்ளைகளோடு 22 பேர், போகி முதல் காணும் பொங்கல் வரை. நினைக்கவே சந்தோஷமாக இருக்கிறது.

எப்போதும் அம்மாதான் வாசலில் பொங்கல் வைப்பார். முழங்கால் வலியால் இந்த முறை குனிய முடியாது, பொறுப்பு என்னுடையது. வெண்கலப் பானை, விறகு அடுப்பு. ஒரு கிலோ பச்சரிசிக்குக் கால் கிலோ பாசிப்பருப்பு, இரண்டு கிலோ வெல்லம் என்று கணக்குப் போட்டிருக்கிறேன். பாலும் தண்ணீரும் எவ்வளவு ஊற்றினால் நன்றாகப் பொங்கி வழியும்? பொங்கியதும் அம்மா கொஞ்சம் மொண்டு வைத்துவிட்டுத்தான் அரிசி போடுவார். அளவு கேட்டால், "எல்லாம் கண் அளவுதான்டி" என்கிறார். அரிசி குழைந்த பிறகே வெல்லம், அது தெரியும். அடி பிடிக்காமல் இருக்க விறகை எப்போது இழுக்க வேண்டும்?

அப்புறம், பல காய்க் கூட்டுக்குப் பூசணி, பரங்கி, அவரை, மொச்சை, சர்க்கரைவள்ளி எல்லாம் சேர்த்து எத்தனை கிலோ வாங்கலாம்? பெரிய குடும்பத்துக்குச் சமைத்துப் பழகிய அக்காமார்கள் சொல்லுங்கள், ப்ளீஸ்.