மேய விட்ட நாட்டுக்கோழிகள் கூட்டுக்கு வராமல் மாமரத்தில் அடைகின்றன, என்ன செய்யலாம்?

கேள்வி: திருச்சி_தோட்டம்

வணக்கம். வீட்டுக்குப் பின்னால் 10 சென்ட் இடம். 9 பெட்டை, 1 சேவல், எல்லாம் சிறுவிடை. ஐந்து மாதம் ஆகிறது, இன்னும் முட்டைக்கு வரவில்லை. சந்தையில் வாங்கியவை. மூன்று நாள் கூட்டில் அடைத்துவிட்டு நான்காம் நாள் காலையில் திறந்துவிட்டேன். பகலில் நன்றாக மேய்கின்றன. சாயங்காலம் நான்கு மட்டும் கூட்டுக்கு வருகின்றன, மற்ற ஆறும் மாமரத்தில் ஏறிவிடுகின்றன.

கூடு 6 அடிக்கு 4 அடி, உயரம் 5 அடி. தகரக் கூரை, நான்கு பக்கமும் கோழி வலை. உள்ளே ஒன்றரை அடி உயரத்தில் ஒரு மூங்கில் கழி. பின்புற வாய்க்காலில் கீரி நடமாட்டம் இருக்கிறது, தெருநாய் தொல்லையும் உண்டு. எல்லாம் கூட்டுக்குத் திரும்ப என்ன வழி? இறக்கையை வெட்டிவிடலாமா?

பதில் 1: புறக்கடை_ஆர்வலர்

மூன்று நாள் போதாது. கோழி ஓர் இடத்தை "இதுதான் நாம் அடையும் இடம்" என்று பழக 10 நாளாவது ஆகும், வளர்ந்த கோழிக்கு இரண்டு வாரம்கூட ஆகலாம். அதற்குள் திறந்துவிட்டால் பொழுது சாயும்போது கண்ணில் படுவதில் எது உயரமோ அதில் ஏறிவிடும். உங்கள் தோட்டத்தில் அது மாமரம்.

ஆனால் பழக்கத்துக்கு முன்னால் கூட்டைச் சரிசெய்யுங்கள். ஒன்றரை அடிக் கழி மிகவும் தாழ்வு. சிறுவிடை நன்றாகப் பறக்கும் இனம், இரண்டரை முதல் மூன்று அடி உயரம் கொடுங்கள். ஒரு கோழிக்கு 8 முதல் 10 அங்குலம் வேண்டும். 6 அடிக் கழி ஒன்றில் எட்டொன்பதுக்கு மேல் உட்கார முடியாது, இடம் கிடைக்காததைக் கொத்தி விரட்டிவிடும். எனவே இரண்டு கழி, ஒன்றரை அடி இடைவெளியில், ஒரே உயரத்தில். ஏணி மாதிரி ஒன்றை உயர்த்தி வைத்தால் மேல்கழிக்குத் தினமும் சண்டை, கீழே உட்காருவதன் முதுகில் எச்சம். இரண்டு அங்குலத் தடிமனில் பட்டை உரித்த வேம்போ சவுக்கோ நல்லது. பிளாஸ்டிக் குழாய் வேண்டாம், நகம் பிடிக்காமல் வழுக்கும்.

அடுத்தது தகரம். சாயங்காலம் ஆறு மணிக்கும் அது சூட்டை இறக்கிக்கொண்டே இருக்கும். கூட்டுக்குள் தலையை விட்டுப் பாருங்கள்: உங்களுக்கே புழுங்கினால் கோழி உள்ளே வராது. தகரத்தின் மேல் தென்னங்கீற்று இரண்டு அடுக்கு போட்டுக் கயிற்றால் கட்டுங்கள்.

வாசலையும் பாருங்கள். ஒரு கோழி மட்டும் நுழையும் அகலமாக இருந்தால், சேவலோ முரட்டுப் பெட்டையோ அங்கே நின்று மற்றவற்றைத் தடுக்கும். ஒன்றரை அடி அகலம் இருக்கட்டும்.

இனி பழக்கும் முறை. இன்றிரவு ஏழரை மணிக்கு மேல், நன்றாக இருட்டியதும், மங்கலான டார்ச்சோடு போய் மரத்தில் இருப்பவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் கழியில் உட்கார வையுங்கள். இருட்டில் கோழிக்குச் சரியாகக் கண் தெரியாது, அதனால் ஓடாது. காலைத் தொங்கப் பிடிக்காமல் இரண்டு இறக்கையையும் உடம்போடு சேர்த்து அணைத்து எடுங்கள். பிறகு 10 நாள் வெளியே விடவே கூடாது. இந்த வெயிலில் 24 சதுர அடிக்குள் பத்தையும் பகல் முழுக்க அடைப்பது ஆபத்து என்பதால், கூட்டை ஒட்டி 8க்கு 10 அடியில் மேலேயும் வலை மூடிய ஓர் அடைப்பு கட்டி அதில் விடுங்கள். தண்ணீர் தினம் 3 லிட்டருக்குக் குறையாமல், நிழலில்.

இந்தப் பத்து நாளும் தீனி வைக்கும்போதெல்லாம் ஒரே குரல், ஒரே பாத்திரச் சத்தம். "பா பா பா" என்று கூப்பிட்டு ஒரு டப்பாவில் தானியத்தைக் குலுக்கினால் போதும். சத்தம் கேட்டால் தீனி என்பது அதற்குள் மனசில் பதிந்துவிடும்.

பதினோராம் நாள் காலையில் திறக்காதீர்கள். காலைத் தீனியைப் பாதியாகக் குறைத்து, பொழுது சாய ஒரு மணி நேரம் இருக்கும்போது திறந்துவிடுங்கள். பசியோடு இருப்பதால் தூரம் போகாது. அரை மணி கழித்துக் கூப்பிட்டுக் கூட்டுக்குள்ளேயே தீனி போடுங்கள்: ஒரு கோழிக்கு 35 முதல் 40 கிராம், பத்துக்கும் சேர்த்து 400 கிராம் கம்பும் நொய்யும் கலந்து. மூன்று நாள் இப்படி, அடுத்த மூன்று நாள் மூன்று மணிக்கே திறப்பது, பிறகு காலையிலிருந்து. எந்தக் கட்டத்திலாவது ஒன்று மரமேறினால் முந்தைய கட்டத்துக்குத் திரும்புங்கள்.

பதில் 2: கொங்குப்பட்டி

மேலே சொன்னது அத்தனையும் சரிங்க. ஒரு விஷயம் விட்டுப்போச்சு. அந்த வலையை நம்பாதீங்க. அறுகோணக் கண் வச்ச கோழி வலை கோழி வெளிய போகாம இருக்கத்தான், கீரியும் நாயும் உள்ள வராம இருக்க இல்ல. நாய் பல்லால இழுத்தா பிரிஞ்சுரும். மரநாய் ராத்திரில நகத்தால விரிச்சு உள்ள வந்துரும். அரை இன்ச் கண் வச்ச வெல்டு மெஷ் (கம்பிய வெல்டிங் பண்ணின கெட்டி வலை) போடுங்க. செலவு கட்டாதுன்னா கீழ மூணு அடிக்காவது இத அடிச்சு, மேல இருக்கிற வலையில சந்தே இல்லாமப் பார்த்துக்குங்க. கீரிக்கு ரெண்டு இன்ச் சந்து தாராளம்.

தரையை மறந்துராதீங்க. கீரி, பெருச்சாளி ரெண்டும் பள்ளம் பறிக்கும். கூட்டோரமா வெளிப்பக்கம் ஒன்றரை அடி அகலத்துக்கு அதே மெஷ்ஷைப் படுக்கையா விரிச்சு, மேல மண்ணும் கல்லும் போடுங்க. கூட்டடியில பறிக்க ஆரம்பிச்சதும் கம்பி தட்டும், அங்கேயே விட்டுரும். செங்குத்தா ஆழமாப் புதைக்கிறதவிட இது சுலபம், பலனும் அதிகம். கதவுக்கு மேலயும் கீழயும் ரெண்டு தாழ்ப்பாள் போடுங்க. ஒன்னுதான்னா மூலைய நெம்பிரும்.

கீரி பகல்ல வேட்டையாடுற பிராணி. அதனால கூடு எவ்வளவு பலமா இருந்தாலும் மேயுற நேரத்துக்கு அது உதவாது. வாய்க்கால் ஓரத்துல 10 அடிக்குப் புதர வெட்டி வெட்டவெளியா வைங்க. மறைவு இல்லாத இடத்த கீரி சுலபத்துல தாண்டி வராது. நடு தோட்டத்துல கதை நேர்மாறு. வல்லூறு மேல இருந்து பாயும், அதுக்குக் கோழி ஓடி ஒளிய 15 அடிக்கு ஒரு தாழ்வான மறைவு வேணும். எலுமிச்ச, கொய்யா, வாழைக் கன்னு எது இருந்தாலும் சரி. இல்லைன்னா நாலு குச்சி நட்டு ரெண்டடி உயரத்துல கீத்துப் பந்தல். சேவல் வானத்தப் பார்த்து ஒரு சத்தம் கொடுக்கும், அந்த நொடியே எல்லாம் அடியில போயிரும். பளபளக்கிற சிடி கட்டித் தொங்கவிடுறது கொஞ்ச நாளுக்குத்தான், பருந்து பழகிரும்.

விஷம் வைக்கிற யோசனையே வேண்டாமுங்க. கீரியும் மரநாயும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல வருது. அதுபோக அந்த விஷத்த முதல்ல தின்னுறது உங்க கோழியாத்தான் இருக்கும்.

பதில் 3: நெல்லை_கோழி

நண்பரே, கூட்டுக்கு வரும் அந்த நான்கும் நிம்மதியாக அடைகின்றனவா என்று இன்றிரவே பாருங்கள். பழகிய கோழிகூடத் திடீரென்று கூட்டை வெறுப்பதற்கு உண்ணியும் செம்பேனும்தான் பெரும்பாலும் காரணம். பகலில் கழியின் இடுக்கிலும் மூங்கில் கணுவிலும் ஒளிந்திருக்கும், இரவில் வந்து இரத்தம் குடிக்கும். பகலில் கோழியைப் பிடித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. இருட்டியபின் ஒரு வெள்ளைக் காகிதத்தைக் கழியின் அடிப்பக்கத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சிவப்புக் கோடு விழுந்தால் அதுதான் விஷயம்.

இருந்தால் மூங்கிலை எடுத்து எரித்துவிடுங்கள். பொந்து உள்ள கழி எதுவும் கூட்டுக்கு ஆகாது. கூட்டைக் காலிசெய்து சுரண்டி, இடுக்குகளில் தீக்காட்டி, சுண்ணாம்பு அடியுங்கள். ஒரு வாரத்தில் மறுபடி அடியுங்கள், ஏனென்றால் முட்டையாக இருந்தவை அதற்குள் பொரித்திருக்கும். தீக்காட்டும்போது கீற்றை இறக்கி வைத்துவிடுங்கள்.

இறக்கை வெட்டுவதைப் பற்றி: நாய், கீரி இரண்டும் உள்ள இடத்தில் நான் வேண்டாம் என்பேன். கோழிக்கு இருக்கும் ஒரே தப்பும் வழி அந்தப் பறத்தல்தான்.

பதில் 1-இன் தொடர்ச்சி: புறக்கடை_ஆர்வலர்

@நெல்லை_கோழி உண்ணியைச் சொன்னதற்கு நன்றி, அது முக்கியம். இறக்கை விஷயத்தில் மட்டும் கொஞ்சம் மாறுபடுகிறேன். மதில் தாண்டி ரோட்டுக்கோ பக்கத்து வீட்டு நாயிடமோ போகும் ஒன்றிரண்டு கோழிக்கு வெட்டுவதில் தவறில்லை. ஒரு பக்கம் மட்டும், வெளியோரத்தில் உள்ள பத்து நீண்ட இறகுகளை, மேலே மூடியிருக்கும் குட்டை இறகுகளின் வரிசைக்குச் சற்று வெளியே வெட்ட வேண்டும். இறகுத் தண்டு நீலமாகவோ கருஞ்சிவப்பாகவோ தெரிந்தால் அதில் இரத்தம் ஓடுகிறது, அதை விட்டுவிடுங்கள். இறகு உதிர்ந்து முளைக்கும்போது மறுபடி பறக்கும். மரத்தில் அடைவதற்கு மருந்தாக மட்டும் இதைச் செய்யாதீர்கள். ஏற முடியாத கோழி கூட்டுக்கு வராது, மரத்தடியிலேயே உட்காரும். அது மரத்தைவிட மோசம்.

திருச்சி_தோட்டம்

எல்லோருக்கும் நன்றி. காகிதம் வைத்துப் பார்த்தேன், லேசாகச் சிவப்பு வந்தது. மூங்கிலை எடுத்துவிட்டேன். இன்னும் இரண்டு சந்தேகம். முட்டைக்கு வந்தபின் புதரில் போய் இடாமல் இருக்க என்ன செய்வது? சந்தைக் கோழி என்பதால் தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றும் தெரியவில்லை.

பதில் 4: கால்நடை_தோழி

தடுப்பூசியை முதலில் கவனியுங்கள். போட்டது தெரியவில்லை என்றால் போடவில்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். வெள்ளைக்கழிச்சல் (ராணிகேட் வைரஸ் நோய்) வந்தால் பத்தில் ஒன்றுகூட மிஞ்சாமல் போகலாம், வந்தபின் அதற்கு மருந்து கிடையாது. கோழிகள் அடைப்பில் இருக்கும் இந்தப் பத்து நாளே நல்ல சமயம். முதல் நாள் குடற்புழு மருந்து, ஒரு வாரம் கழித்து அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் கேட்டு இறக்கைக்கடியில் தோலில் போடும் கழிச்சல் ஊசி. சோர்ந்து நிற்கும் கோழிக்கு ஊசி போடாதீர்கள். பிப்ரவரியில் கால்நடைப் பராமரிப்புத் துறை ஊர் ஊராக இலவச முகாம் நடத்தும், அதையும் விடாதீர்கள். மண்ணில் மேயும் கோழிக்கு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை குடற்புழு நீக்கம் தேவை.

முட்டைக்கு: கூட்டில் ஓரடிக்கு ஓரடி அளவில், ஓரடி உயரத்தில் இரண்டு பெட்டி போதும், உள்ளே வைக்கோல். கழியைவிடத் தாழ்வாக வையுங்கள், உயரமாக இருந்தால் அதிலேயே அடைந்து எச்சமிடும். பெரும்பாலும் காலையில்தான் இடும் என்பதால் முட்டைக்கு வந்த முதல் இரண்டு வாரம் 10 மணிக்குப் பிறகே திறங்கள். பெட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் முட்டை போட்டு வைத்தால் அங்கேயே இடும். புதரில் முட்டை கண்டுபிடித்தால் எல்லாவற்றையும் எடுக்காமல் ஒன்றைப் பென்சிலால் குறியிட்டு விட்டு வையுங்கள். முழுக்கக் காலிசெய்தால் வேறு மறைவு தேடிப் போய்விடும். அடுத்த நாள் அந்தப் பெட்டையை மதியம் வரை கூட்டில் நிறுத்துங்கள்.

மேயவிடும் முன் ஒருமுறை தோட்டம் முழுக்க நடந்து தெர்மாகோல் துண்டு, ஆணி, கம்பித் துணுக்கு, எலிமருந்து எல்லாவற்றையும் பொறுக்குங்கள். தெர்மாகோலைக் கோழி ஆசையாகக் கொத்தும், தீனிப்பையில் தங்கிவிடும். பக்கத்து வயலில் குருணைப் பூச்சிமருந்து போட்டாலோ, மருந்து தெளித்தாலோ பத்து நாளாவது அந்தப் பக்கம் விடாதீர்கள். குருணை பார்க்கத் தானியம் மாதிரியே இருக்கும்.

நவம்பரில் ஆறு மணிக்கு முன்னாடியே பொழுது அடங்கும், ஜூன், ஜூலையில் ஆறரை தாண்டும். எனவே கடிகாரத்தைப் பார்க்காமல் வெளிச்சத்தைப் பார்த்துக் கூப்பிடுங்கள். கூட்டுக்குள் இருட்டாக இருந்தால் தயங்கும், சின்ன பல்பு ஒன்றைப் போட்டு, எல்லாம் கழியில் உட்கார்ந்தபின் அணையுங்கள். அதற்கு முன் அணைத்தால் தரையில் இருப்பது தரையிலேயே தங்கிவிடும். அணைக்கும் முன் தலையை எண்ணுங்கள்.