பொருள்: பேருமி, சிற்றுமி – நெல்லுக்கு இந்தப் பெயர்கள் சரிவருமா?

சேர், வணக்கம்.

நெல்மணியை மூடியிருக்கும் இரண்டு உமிகளுக்கும் (ஆங்கிலத்தில் லெம்மா, பேலியா) தமிழ்ப் பெயராக நீங்கள் அனுப்பிய "புறவுமி, அகவுமி" பார்த்தேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நெல்லுக்கு ஒட்டவில்லை. அகம் என்றதும் பிள்ளைகள் வெங்காயத் தோல்போல ஒன்றுக்குள் ஒன்று இருப்பதாக நினைப்பார்கள். தம்பலகாமத்து வயலில் ஒரு நெல்லை நகத்தால் பிரித்துப் பாருங்கள். ஐந்து நரம்புள்ள பெரிய உமியின் விளிம்பு, மூன்று நரம்புள்ள சின்ன உமியின் விளிம்பைக் கொளுவிப் பிடித்திருக்கும். வாலுள்ள இனங்களில் வால் பெரியதன் நுனியில்தான். "வாலுமி" என்று வைக்கலாமோ என்றும் யோசித்தேன்; இப்போது விதைக்கிற நெல்லில் பெரும்பாலும் வாலே இல்லை.

ஆகவே பேருமி, சிற்றுமி. பேரூர், சிற்றூர் மாதிரி. கந்தளாய்க் குளத்துக்குப் பேராறு வருகிற ஊரில் இந்தப் புணர்ச்சியை யாருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

> உமி என்றால் போதாதா? தனித்தனிப் பெயர் எதற்கு?

மணியின் அளவுக்கு எல்லை போடுவதே இவை இரண்டும்தான், சேர். கதிர் வெளிவராமல் குடலையில் இருக்கும்போதே உமியின் கலங்கள் பெருகி நீண்டு, இரண்டு உமியும் சேர்ந்த கூட்டின் அளவு ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. கருக்கட்டிய பிறகு உள்ளே அரிசி முதலில் நீளத்துக்கு ஓடும். ஒரு கிழமைக்குள் கூட்டின் நுனியைத் தொட்டுவிடும். அகலமும் தடிப்பும் அப்புறம். கூட்டை மீறி வளர இடமில்லை. கீரிச் சம்பா குறுமணியாகவும் பாஸ்மதி நெடுமணியாகவும் இருப்பது முதலில் உமியில் எழுதப்பட்ட கதை. 2006இல் ஜிஎஸ்3, 2007இல் ஜிடபிள்யூ2 என்று சீன ஆய்வாளர்கள் அறிவித்த பரம்பரையலகுகள் (மரபணுக்கள்) இங்கேதான் வேலை செய்கின்றன. முன்னது நீளத்துக்கு, பின்னது அகலத்துக்குக் கடிவாளம். ஜிடபிள்யூ2 செயலிழந்தால் உமியில் கலங்கள் கூடி, கூடு அகன்று, மணியும் பருக்கிறது. இதையெல்லாம் வெறும் "உமி" என்று எழுதிப் பார்த்தேன், இரண்டாவது பந்தியிலேயே எந்த உமி என்று எனக்கே குழம்பிவிட்டது.

இரண்டையும் சேர்த்துச் சொல்ல "உமிக்கூடு" போதும். "மணியச்சு" வேண்டாம், கணிதத்து அச்சு குறுக்கே வரும்.

—

தம்பி,

பேருமிக்கும் உமிக்கூட்டுக்கும் நான் சம்மதம். சிற்றுமியில்தான் இடறுகிறது. நெல்லின் அடியில் காம்போடு ஒட்டி இரண்டு குட்டிச் செதில்கள் இருக்கின்றனவே, பிள்ளைகள் அவற்றையல்லவா சிற்றுமி என்பார்கள்?

—

சேர், அதை நான் யோசிக்கவேயில்லை. அவற்றை "அடிச்செதில்" என்று முதலிலேயே பெயரிட்டுப் படத்தில் காட்டிவிட்டால்? அதுவும் சரிவராவிட்டால் சிற்றுமியை "இணையுமி" ஆக்கலாம், ஆனால் பேரூர் சிற்றூரை விட மனமில்லை.